திட்டு வாங்காத வடிகட்டி

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் பட்டறையில் புதிதாக ஒரு சாமான் செய்தாலும், விற்பதற்கு முன்னால் அதை டீக்கடை பெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ‘குந்த வைக்கிறது’ என்று அதற்குப் பெயர். காலையில் குந்த வைத்தால் மதியத்துக்குள் அந்தச் சாமானின் மானம் கப்பலேறிவிடும். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லாம் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், தட்டுவார்கள், கழற்றுவார்கள், சிலர் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். பிறகு திட்டுவார்கள். “இத்த செஞ்சவன் கைய ஒடிக்கணும்” என்பதெல்லாம் எங்களிடம் சாதாரணப் பேச்சு. செய்தவர் பக்கத்திலேயே டீ கிளாஸோடு நிற்க வேண்டும், பதில் பேசக் கூடாது.

எனக்கு அந்த வழக்கம் ஆகவே ஆகாது. மூக்குமேல் கோபம் வருகிற ஆள் நான். கொருக்குப்பேட்டையிலேயே பிறந்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, லேத்து ஓட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரோடு சேர்ந்து பட்டறை போட்டவள். படம் வரைவது நான், கடைவது அவர். நான் ராவெல்லாம் யோசித்து வரைந்த ஒன்றைக் கையில் எடுத்து, “இது இன்னாது, கொசுவத்தி ஸ்டாண்டா?” என்று ஒருவர் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? பல நாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் மட்டும் அசையாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து சாயங்காலம் என்னிடம் பொறுமையாகச் சொல்வார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து நான் படுவேன்.

கூட்ஸ் யார்டை ஒட்டிய சந்து அது. மழை பெய்தால் சாக்கடை பட்டறைக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். ஆனால் எங்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும், வேண்டிய ஆள் வந்துவிடுவார். அடுத்த கதவு வார்ப்புப் பட்டறை. துறைமுகத்திலிருந்து வரும் பழைய கப்பல் வால்வு, உடைந்த புரொப்பெல்லர் இவற்றையெல்லாம் உருக்கி கன்மெட்டலில், அதாவது உப்புத் தண்ணீருக்கு அசராத ஒருவகை வெண்கலத்தில், கேட்ட உருவத்தை ஊற்றித் தருவார் அதன் முதலாளி. நாங்கள் அவரை அண்ணன் என்போம். சந்திலேயே பெரிய வாய் அவருக்குத்தான். எதிரே தெற்கத்தி அண்ணாச்சியின் இரும்புக் கடை. அதற்கு அந்தப் பக்கம் ரப்பர் வாசர் வெட்டுகிற இடம். இவர்களில் யாரும் யாருக்கும் வேலைக்காரர் இல்லை. ஆனால் ஒருவர் அடுப்பில் என்ன வேகிறது என்பது மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலையில் முகத்துவாரக்குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் பட்டறைக்குள் வந்து, அடைத்துப்போன ஒரு வடிகட்டியை என் மேஜைமேல் ‘ணங்’கென்று வைத்தார். முப்பதைத் தாண்டியவர், கல்யாணமாகிக் குழந்தைகள் உள்ளவர். இருந்தாலும் எங்களுக்கு அவர் தம்பிதான்.

“யக்கா, நீ இன்னா பண்ணுவியோ தெரியாது. ஸ்பேனர் இல்லாம இத்த தொறக்கணும். எஞ்சின நிறுத்தாம கழுவணும். நேத்து படகு கல்லுல மோதப் பாத்துச்சுக்கா.”

“எஞ்சின் ஓடும்போதே எப்டிடா கழுவறது? ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்தச் சொல்றியா?”

“அத்த நீதான் யோசிக்கணும். டிப்ளமோ படிச்சது நீயா நானா?”

விஷயம் இதுதான். பைபர் படகின் டீசல் எஞ்சின் கடல் தண்ணீரையே குழாயால் உள்ளே இழுத்து, சுற்றவிட்டு, வெளியே துப்பித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். இழுக்கிற இடத்தில் ஒரு வடிகட்டி இருக்கும். வேறு ஊர்க் கடலில் அது சுலபத்தில் அடைக்காது. எண்ணூர் ஆற்று முகத்துவாரத்தில் அப்படி இல்லை. தண்ணீரில் மாவு மாதிரி சாம்பல் கலந்திருக்கும். கூடவே பிளாஸ்டிக் பை, அறுந்த வலை நூல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றுக்கு எப்படி வருகிறது என்பதை நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், அதனால் விட்டுவிடுகிறேன். வடிகட்டி அடைத்தால் எஞ்சின் கொதிக்கும், நின்றுவிடும். ஸ்பேனரைத் தேடி, மூடியைக் கழற்றி, கழுவிப் பூட்டுவதற்குள் அலை படகைக் கொண்டுபோய் முகத்துவாரத்துப் பாறாங்கற்களில் தள்ளும்.

பெரிய கப்பல்களில் இரட்டை வடிகட்டி உண்டு. ஒன்றை அடைத்துக் கழுவும்போது மற்றது வேலை செய்யும். படித்த காலத்தில் அதைப் பார்த்திருக்கிறேன், ஆளுயரம் இருக்கும். அதைச் சோற்றுப் பானை அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று வரைந்து பார்த்தேன். ஒரு உடம்பு, அதற்குள் இரண்டு அறை, நடுவில் கையால் திருப்புகிற வால்வு ஒன்று. அண்ணன் ஊற்றினார், என் வீட்டுக்காரர் கடைந்தார், நான் பெருமையாக டீக்கடையில் குந்த வைத்தேன்.

“தூக்கறதுக்கே ரெண்டு ஆள் வோணும் போலகீதே” என்றார் அண்ணன், அதை ஊற்றியவரே தான்தான் என்பது நினைவில்லாதவர் மாதிரி. “இத்த ஏத்திகினா மீன எங்க வைக்கறது?”

அண்ணாச்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏம்மா, இந்த வாசரு ஒரு மாசம் தாங்காது பாத்துக்கிடுங்க, ரப்பர மாத்தச் சொல்லுங்க” என்றார். படகுக்காரத் தம்பி மூடியைத் திறக்கப் பார்த்துவிட்டு, “தொறக்க ரெண்டு கை வோணுமா? அப்ப சுக்கான யாரு புடிப்பா, உங்க மாமனாரா?” என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் மறுநாள் மூடிக்கு ஒற்றைக் கையால் திருகுகிற மாதிரி இரண்டு பெரிய காது வைத்து வரைந்தேன். உடம்பை மெலிதாக்கினேன். ரப்பர் வெட்டுகிறவரிடம் போய் வேறு ரப்பர் கேட்டேன்.

இப்படி எத்தனை முறை மாறியது என்று எனக்கு நினைவில்லை. காலையில் திட்டு விழும், சாயங்காலத்துக்குள் அச்சு மாறும். கடைசியில் ஒரு நாள் அதைப் பெஞ்சில் வைத்தபோது தம்பி எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் குப்பத்திலிருந்து நாலைந்து பேர் வந்து, அதே மாதிரி வேண்டும் என்றார்கள். பிறகு ராயபுரம் துறைமுகத்திலிருந்து வந்தார்கள். யாருடைய கண்டுபிடிப்பு என்று யாராவது கேட்டால், என்னுடையது என்றுதான் சொன்னேன். டிசைனை என் பெயரில் பதிவும் செய்துகொண்டேன்.

அதற்கப்புறம்தான் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தோம். மீஞ்சூர் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில் ஷெட் கிடைத்தது. அகலமான ரோடு, நிற்காத கரண்ட், வழவழவென்ற தரை, வாசலில் கேட், கேட்டில் வாட்ச்மேன். கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின் ஒன்றும் வாங்கினோம். கொருக்குப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த வாடகை ரூமைக் காலி செய்துவிட்டு, எங்களிடம் வேலை பார்த்த இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம்.

சாமான் ஏற்றும்போது அண்ணன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். “போ போ. அங்க கக்கூஸுக்கே டைல்ஸ் போட்டுகீறாங்களாமே.”

“டைல்ஸ் கெடக்கட்டும். இனிமே உங்க வாயக் கேக்க வேணாம் பாருங்க, அதுவே போதும்ண்ணே” என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஷெட்டுக்குப் போன முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மெஷின் கடைந்து தள்ளுகிற வால்வு ஒன்றுக்கொன்று அச்சு பிசகாமல் இருந்தது. தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து டீலர் ஒருவர் வந்தார். பொருள் பார்க்க இன்னும் எடுப்பாக இருக்கலாம், எடையும் குறையலாம் என்றார். கன்மெட்டலை விட்டு அலுமினியத்துக்கு மாறினோம். உப்புக்குத் தாங்குகிற பூச்சு பூசி நீல நிறத்தில் வெளியிலிருந்து வாங்கினோம். மூடியின் அந்த இரண்டு காதுகளைப் பார்க்கப் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டு, வரிசையாகச் சின்ன போல்ட்டுகள் வைத்தோம். ஒரு தொட்டியில் உப்புக் கரைத்த தண்ணீர் விட்டு, வடிகட்டியை நாள்கணக்கில் ஓடவிட்டுப் பரிசோதித்தோம். ஒரு புள்ளி அரிக்கவில்லை. அந்தத் தொட்டித் தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அமைதிதான். காலையில் போனால் சாயங்காலம் வரை மெஷின் சத்தத்தைத் தவிர ஒரு குரல் இல்லை. “பாத்தீங்களா, குறைன்னு ஒரு ஆள் வரல” என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையாட்டுவார். பொருள் நல்லா இருந்தா எவன் வரப்போறான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம். காலையில் திட்டு கேட்டே வளர்ந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? திட்டு இல்லையென்றால் நல்லது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

தொழில் வளர்ச்சி பற்றிப் பேசுகிற கூட்டங்களுக்கு அப்போது என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ரோடு, கரண்ட், பயிற்சி, மெஷின் என்று மேடையில் வரிசையாகச் சொல்வார்கள். நானும் மைக்கைப் பிடித்து அதையே சொல்வேன். அதெல்லாம் வேண்டியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் ஒரு டீக்கடை பெஞ்சைச் சேர்க்க எனக்கும் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

பிறகு ஆர்டர் குறைந்தது. முதலில் கொஞ்சம், அப்புறம் நிறைய. டீலர் தன் ஊரில் சுமாராக விற்கிறது என்றார். ராயபுரத்தில் எங்கள் சாமானை விற்றுவந்த கடைக்காரர் மட்டும் நாங்கள் அனுப்பிய பெட்டிகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். எங்களுக்குப் பெரிய சந்தையே நம் பக்கத்துப் படகுகள்தான். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னார். “இப்டியே போனா தை மாசம் மெஷின வித்துட்டு ஷெட்ட காலி பண்ணணும். ரெண்டு பசங்களயும் வேற எடம் பாத்துக்கச் சொல்லணும்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கொருக்குப்பேட்டை ரூமும் கையில் இல்லை. இத்தனை வருடம் சேர்த்த தொழில் மொத்தமும் அந்த நீலப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்கு நானே போனேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. கரையோரம் கட்டியிருந்த பைபர் படகுகளில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு படகில் எங்கள் நீல வடிகட்டி இருந்தது. எஞ்சினில் இல்லை. மூடி இல்லாமல், உள்ளே தீப்பெட்டியும் வெற்றிலைப் பொட்டலமும் போட்டு வைத்திருந்தார்கள். பூச்சு உரிந்து, அலுமினியம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி குழிகுழியாக இருந்தது. எஞ்சினில் வேறொன்று பூட்டியிருந்தது. பழுப்பு நிறம், சொரசொரப்பு, பார்க்கச் சகிக்காது. ஒரு உடம்பு, இரண்டு அறை, நடுவில் வால்வு, மூடியில் இரண்டு பெரிய காது. பக்கத்துப் படகிலும் அதேதான். அதற்கடுத்த படகிலும்.

அண்ணனின் மணல் வார்ப்பை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். அங்கிருந்து நேராக ஆட்டோ பிடித்தேன். கொருக்குப்பேட்டை வரை அந்த ஆட்டோக்காரர் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன், பாவம்.

எங்கள் பழைய ரூமில் பார்சல் கம்பெனி ஒன்று வந்திருந்தது. கூரைவரை அட்டைப்பெட்டிகள். அடுத்த கதவில் அண்ணன் அச்சுக்கு மணல் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் குந்தியிருந்தவர் படகுக்காரத் தம்பி. தரையில் வரிசையாக என் வடிகட்டி, பழுப்பு நிறத்தில்.

“இது யாருதுண்ணே?” என்றேன்.

“உன்னுதுதான்” என்றார் அண்ணன், நிமிராமல்.

“என்னுதுன்னா என்ன கேக்காம எப்டி செய்றீங்க? டிசைன் என் பேர்ல கீது. நான் ஒரு நோட்டீஸ் அனுப்பினா இத்த நீங்க நிறுத்தணும், தெரியுமா?”

“அனுப்பு. இங்க வாட்ச்மேன் இல்ல, நேரா உள்ளயே வரும்.”

தம்பிதான் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு. நீல வடிகட்டியை முதலில் பூட்டியவர் அவர்தானாம். சாம்பல் கலந்த தண்ணீர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி பூச்சை உரித்துவிட்டதாம். உரிந்த இடத்தில் உப்பு புகுந்து அலுமினியத்தைத் தின்றுவிட்டதாம். போல்ட்டு வைத்த மூடியைத் திறக்கப் பழையபடி ஸ்பேனர் தேட வேண்டியிருந்ததாம்.

“ஏன் வந்து சொல்லல?”

“வந்தேனே. வண்டி புடிச்சு அம்மாந் தூரம் வந்தேன். லுங்கி கட்டினுகீறவன உள்ள உடமாட்டேன்னான் கேட்டாண்ட. யாரப் பாக்கணும், இன்னா வேலை, போன் நம்பர் இன்னா, எழுதுன்னான். திட்டறதுக்கு வந்துகீறேன்னா எழுதறது? போங்கடான்னு வந்துட்டேன்.”

அண்ணன் இப்போது நிமிர்ந்தார். “இவனாட்டமே நாலு பேரு உன்ன திட்ட வந்தானுங்க. ரூமாண்ட வந்து பாத்தா அட்டப்பொட்டி. உன்ன எங்க போய் திட்டறது? அப்பால எங்களுக்குள்ளயே திட்டிகினோம். இது வந்துச்சு.”

ஒரு வடிகட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை கண்டுபிடித்தே தீருவது என்ற வெறி. கண்டுபிடிக்கவும் செய்தேன். வால்வைக் கையால் அரம் வைத்து ராவிப் பொருத்தியிருந்தார்கள். ஒன்று லூஸாக ஆடியது. இன்னொன்று பாதியில் சிக்கியது. ஆடுகிற வால்வு காற்றை உறிஞ்சும், காற்று புகுந்தால் பம்பு தண்ணீரை இழுக்காது. சொன்னேன். “தெரியும், பத்துல ரெண்டு திரும்பி வருது” என்றார் அண்ணன், கொஞ்சம்கூட அசராமல். “என் பீஸு ஒவ்வொண்ணும் ஒரு ரகம். மனுசனாட்டம்.”

அவர் ஊற்றுகிற வடிகட்டி உடம்பு எங்களிடம் இல்லை, எங்கள் மெஷின் அவரிடம் இல்லை. மெஷினைச் சந்துக்குக் கொண்டுவர ரூமும் இல்லை, அதைத் தாங்குகிற கரண்டும் இல்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். நோட்டீஸ், போலீஸ், கோர்ட்டு என்று எல்லாம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “கன்மெட்டல் உடம்ப அண்ணன் ஊத்தட்டும், வால்வ நாம கடையலாம்” என்றார். “நீ அங்க இரு. நான் ஷெட்ல இருக்கேன்.” வேறு வழி எனக்கும் தெரியவில்லை. அண்ணனும் சரி என்றார், அடுத்த வாரத்திலிருந்து அவர் பட்டறை வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவரும் தனித்தனி இடத்தில் வேலை பார்த்ததே இல்லை. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கக் கஷ்டமாக இருந்தது.

ஷெட்டில் கடைந்த வால்வைப் பொருத்தி முதல் வடிகட்டி தயாரானது. இது சரியாக வந்தால்தான் தை மாதம் மெஷின் தப்பும். கொண்டுபோய் டீக்கடை பெஞ்சில் வைத்தேன். இந்த முறை எழுந்து போவதில்லை என்று முடிவு செய்து, டீ கிளாஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வால்வைத் திருப்பினார்கள். தயிரில் கரண்டி போகிற மாதிரி திரும்பியது. “நல்லாகீது மேடம்” என்றார் ஒருவர். “சூப்பர் மேடம்” என்றார் இன்னொருவர். படகுக்காரத் தம்பி வந்து, லேசாகத் தொட்டுப் பார்த்து, “ஜோரா கீது மேடம்” என்று வைத்துவிட்டுப் போனார்.

மேடம். அந்தச் சந்தில் அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தேவலை. தொழிற்பேட்டைக்குப் போனவள், மேடையில் பேசுகிறவள், நோட்டீஸ் அனுப்புவேன் என்று கத்தியவள். அப்படிப்பட்டவளிடம் எவர் வாய் திறப்பார்? அத்தனை வருடம் நான் வெறுத்த திட்டு அன்று வரவே இல்லை. அந்த நல்ல வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் ஒரு போல்ட்டைக்கூட மாற்ற முடியாது. அண்ணனைப் பார்த்தேன். அவரும் எங்கோ பார்த்துக்கொண்டு டீயை உறிஞ்சினார்.

போய்க்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டேன். “நாளைக்கு இத்த உன் படகுல பூட்டு. நானும் வரேன்.”

“உங்களுக்கு இன்னாத்துக்கு மேடம் வீண் பேஜாரு?”

“வரேன்னா வரேன்.”

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினோம். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொன்னால் ஏற்றமாட்டார் என்று சொல்லவில்லை. ஓதம் இறங்கி, ஆற்று நீர் கடலுக்குள் வடிகிற நேரம். முகத்துவாரத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில், குழம்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. படகு ஆடிய ஆட்டத்தில் காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வரப் பார்த்தது. தம்பி சுக்கானைப் பிடித்துக்கொண்டு, “புடிச்சிகினு குந்துங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

முதல் அறை அடைத்தது. வால்வை நானே திருப்பினேன். அழகாகத் திரும்பியது. மூடியைத் திறந்து, சேற்றைக் கழுவி மூடினேன். எஞ்சின் நிற்கவில்லை. ஏதோ நானே கப்பல் விட்ட மாதிரி தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அறை அடைத்தது. வால்வைத் திருப்பினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். உள்ளே நறநறவென்று அரைக்கிற சத்தம், அவ்வளவுதான். கைப்பிடி வேறு வழவழவென்று கடைந்திருந்ததால் ஈரக் கை வழுக்கியது. எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. சத்தம் மாறியது. நின்றது.

படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. கல் கரை நான் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது. தம்பி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் நங்கூரத்தைத் தூக்கி வீசினார். கயிறு விறைத்துப் படகு நின்றது. பிறகு என்னை ஒரு தள்ளு தள்ளி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கத்தியால் குழாயை அறுத்து, வடிகட்டியை விட்டுவிட்டு நேராகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். கட்டிக்கொண்டே வாயைத் திறந்தார்.

“இன்னாக்கா செஞ்சு வச்சுகீறே? திரும்பறப்ப பாத்தா டக்கராகீது, சாம்பல் பூந்தா லாக் ஆயிப்பூடுது. இவ்ளோ டைட்டா இன்னாத்துக்கு வச்சே? அது உள்ள வந்தா வெளிய போறதுக்கு வழி உட வேணாம்? இது வடிகட்டியா, பேங்க் லாக்கரா? கைப்பிடிய பாரு, மீன் புடிக்கிற கைக்கு அது நிக்குமா? கண்ணாடியாட்டம் தேச்சு வச்சுகீறே. நேத்தே சொல்லலாம்னு பாத்தேன், உன் மொகத்த பாத்து சொல்ல வாய் வரல. அண்ணன் பீஸு லூஸா இருந்தாலும் தொலையுது, திரும்பவாச்சும் திரும்புச்சு. படிச்சு இன்னா கிழிச்சே நீ?”

எஞ்சின் பிடித்துக்கொண்டது. நங்கூரத்தை இழுத்துக்கொண்டும் அவர் நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தினால் என்று அவர் நினைத்திருப்பார், “சரி சரி, கரைக்குதான் போறோம்க்கா” என்றார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கைப்பிடி எப்டி இருக்கணும், சொல்லு” என்றேன். கரை வரும்வரை சொன்னார்.

குப்பத்து மணலில் இறங்கியதும், நனைந்த புடவையோடு நின்று ஷெட்டுக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரர் எடுத்தார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“நிறுத்துங்க” என்றேன்.

“இன்னாத்துக்கு? படத்துல கீற மாதிரிதானே கடையறேன்.”

“படம்தான் தப்பு. சாம்பலுக்கு எடம் உடல நான்.”

“யாரு சொன்னது?”

“தம்பிதான். அக்கான்னு கூப்ட்டுத் திட்டினான்.”

மெஷின் சத்தம் நின்றது.